பூஜைக்காக முந்தி விதைத்த தட்டுகள்

டிக். ஒன்று. அவ்வளவுதான், அந்தத் தட்டில் வேறு ஒன்றுமில்லை. செண்பகவல்லி உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டை வெளிச்சப் பெட்டியின் மேல் மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். ஓரத்தில் நீலமாக ஏதோ இருந்தது. தூசி. குனிந்து பார்த்தாலும் தூசிதான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாலும் தூசிதான். எண்ணிவிடேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். மாட்டேன், போடி அங்கிட்டு என்றாள் இவள். தூசியை எண்ணி ஜெயிப்பதற்கா ஆயுத பூஜை அன்றைக்கு வாட்ச்மேனோடு மல்லுக்கட்டிக்கொண்டு உள்ளே வந்தது? விஷத்தில் போட்டும் சாகாத செல் ஒன்று, ரெண்டாகி நாலாகிப் பெருத்து ஒரு குடும்பமாகக் கூடி உட்கார்ந்தால்தான் அது காலனி. நீலச் சாயம் ஊற்றிக் கழுவினால் குண்டூசித் தலை அளவுக்கு நீலப் புள்ளியாகத் தெரியும். எண்ணும் பேனாவால் தட்டின் முதுகில் குத்தினால் டிக் என்று ஒரு சத்தம் போட்டுக் கணக்கை ஏற்றிக்கொள்ளும். தூசிக்குக் குடும்பம் கிடையாது. அடுத்த தட்டை எடுத்தாள். வெளியே ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று போயிருக்க வேண்டும், மேஜை லேசாக நடுங்கிற்று. இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, உச்சிவெயிலா அந்தியா என்று ஏசிக்குத் தெரியாது. டீக்கு முன்னாடி கையெழுத்து வேணும்மா என்று புருஷோத்தமன் சார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்லிவிட்டுப் போனாரா, சிரித்துவிட்டுப் போனாரா? இரண்டையும் சேர்த்துச் செய்வார் மனுஷன். சோதனைக்கூடத்துக்குத் தலைவர் அவர், இந்த ஆய்வுக்குப் பொறுப்பாளர் இவள். இவள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை கேட்டைத் தாண்டாது. போட்டால், மருதாணிக் கோனில் கலக்கிற அந்தப் புதுச் சாயம் சுத்தம் என்றாகிவிடும், தை மாசக் கல்யாண சீசனுக்குள் கடை கடையாகத் தொங்கும். போடவில்லை என்றால் இவள் வேலை போகும். சிக்கல் அவ்வளவுதான். அதை இந்த மண்டை ஏன் நூறு சுற்று சுற்றிக்கொண்டு கிடக்கிறது?

மேஜையில் ஐந்து வரிசைத் தட்டுகள். க, ச, ட, த, ப என்று மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்து, லூர்து மேரியின் எழுத்து. தர ஆய்வுப் பிரிவில் இருக்கிற லூர்துதான் எந்த வரிசைக்கு எந்த எழுத்து என்று போட்டு, அதைக் கவரில் ஒட்டித் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். எண்ணுகிறவளுக்கு எது எது என்று தெரியக் கூடாது, தெரிந்தால் கண் ஆசைப்பட்ட இடத்தில் புள்ளியைப் பார்க்கும். நல்ல சட்டம். ஆயிரம் சட்டத்தில் இது ஒன்றைத்தான் செண்பகவல்லி மனசார மதித்தாள், ஏனென்றால் தன் கண்ணின் யோக்கியதை அவளுக்குத் தெரியும். சும்மா விட்ட செல்கள் ஒரு வரிசை. மருதாணிச் சாயத்தைக் கொஞ்சமாக, நடுத்தரமாக, நிறைய என்று கொடுத்தது மூன்று வரிசை. ஐந்தாவது, மரபணுவைக் கட்டாயம் கெடுக்கும் என்று உலகத்துக்கே தெரிந்த ஒரு மருந்தைக் கொடுத்தது. போலீஸ் நாய்க்கு மோப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த திருடன் ஒருத்தனை வரிசையில் நிறுத்துகிற ஏற்பாடு. ஆக எழுத்து தெரியாவிட்டால் என்ன, கணக்கு தெரியும். ஒரு வரிசை மட்டும் புள்ளி புள்ளியாக நிறைந்தால் அது தெரிந்த திருடன், மருதாணி சுத்தம், இவள் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, திட்டத்தில் இல்லாத வேலை செய்ததற்கு நோட்டீஸும் வாங்கிக்கொண்டு, பூஜையைக் கெடுத்தவள் என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டு வரிசை நிறைந்தால்? தெரிந்த திருடன் ஒருத்தன்தானே. அப்போது இரண்டாவது யார்? அதைச் சொல்ல லூர்துவின் கவர் வேண்டாம். க வரிசை முடிந்தது. அங்கொன்று இங்கொன்று, சும்மா இருக்கிற செல்லிலும் தானாக விழுகிற கோளாறு. ஊர் உலகத்தில் எங்கும் உள்ளதுதான்.

ச வரிசையின் முதல் தட்டை வைத்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். எண்ண வேண்டியதே இல்லை, சட்டியில் கடுகு வெடித்துச் சிதறின மாதிரி தட்டு நெடுக நீலம். டிக் டிக் டிக். சரி, ஒருத்தன் அகப்பட்டான். சும்மா இரு, குதிக்காதே, ஒருத்தன் இருக்கத்தான் வேண்டும். இருந்தாலும் அந்தப் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, வரக் கூடாத சந்தோஷம், எத்தனை வருஷம் ஆனாலும் வருகிறது. எல்லா வரிசைத் தட்டிலும் கடைசியில் ஊற்றுகிற இந்த விஷம் அடித்துக் கொல்கிற விஷமில்லை. சாப்பாட்டு வேஷம் போட்டு வருகிற விஷம். செல் தன் மரபணுவைக் கட்ட ஒரு சரக்கை வாங்கி வைத்துக்கொள்ளும், அதே சாயலில் இருக்கும் இது. ஒழுங்கான செல்லுக்குள் அதை வாங்கி உள்ளே சேர்க்கிற புரதம் ஒன்று இருக்கிறது. கொடுத்தால் வாங்கும், வாங்கினதைக் கட்டடத்தில் வைக்கும், செத்துப்போகும். அந்தப் புரதத்துக்கான மரபணு உடைந்துபோன செல் மட்டும் வாங்காது. வாங்கத் தெரியாது. அதனால் பிழைக்கும். சொன்னதைக் கேட்டதெல்லாம் செத்துக் கழுவுதண்ணியில் போய்விட, கேட்காதது மட்டும் குடும்பம் பெருக்கி நீலமாக உட்கார்ந்திருக்கிறது. அடியே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? உடைந்ததுதான் இது, கெட்டுப்போனதுதான், மனுஷ உடம்புக்குள் இந்த மாதிரி உடைந்தால் அதற்கு வேறு பெயர், அந்தப் பெயரைக் கேட்டு வீடு வீடாக அழுதிருக்கிறார்கள். தெரியும், தெரியும். இந்த மரபணுவை உடைக்கிற கை நாளைக்கு எந்த மரபணுவை வேண்டுமானாலும் உடைக்கும், அதற்குத்தான் இத்தனை பாடு. தெரிந்தும் மனசு அந்தப் புள்ளிகள் பக்கமே நின்றது. எந்தக் காலத்திலோ ஏதோ நாட்டில் செத்துப்போன ஒரு சீனத்து எலியின் சினைப்பையிலிருந்து எடுத்த செல், எலி மண்ணாகிப்போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரகடத்தில் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. அதனிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? கேட்கவில்லை. இவளிடம் கேட்டார்களா?

பூஜை கதையைத்தான் சொல்ல வேண்டும். சாயத்தைக் கொடுத்து எடுத்த பிறகு செல்லை உடனே விஷத்தில் விதைக்கக் கூடாது. முழுசாக ஒரு வாரம் சும்மா வளரவிட வேண்டும், சோறு போட்டு, இடம் மாற்றி, பால்குடிக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்து. ஏனென்றால் மரபணு உடைந்தாலும், உடைவதற்கு முன்னால் செய்துவைத்த பழைய புரதம் செல்லுக்குள் கிடக்கும். மாவு மில் நின்றுபோன பிறகும் வீட்டு டப்பாவில் மாவு இருக்கிற வரைக்கும் தோசை சுடலாம் இல்லையா, அப்படி. செல் ரெண்டாகி, நாலாகி, பழைய சரக்கு பங்குபோய்ப் பங்குபோய் மெலிந்து தீர வேண்டும். அதற்கு முந்தி விஷத்தைக் கொடுத்தால், மாறின செல்லும் பழைய பழக்கத்தில் வாங்கித் தின்று செத்துவிடும். தட்டு சுத்தமாக இருக்கும். சுத்தத்திலும் படுசுத்தம், மாற்றமே நடக்காத மாதிரி. இது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும், புருஷோத்தமன் சாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த வாரம் முடிகிற நாள் ஆயுத பூஜையில் போய் விழுந்தது. பூஜை போட்டால் எந்தக் கருவியையும் தொடக் கூடாது, மறுநாள் மறுபூஜை ஆன பிறகுதான். அதை ஒட்டி இரண்டு நாள் லீவு. முந்தியே விதைச்சிடும்மா, பாதி வாரம் போதும், பெரிய வித்தியாசம் வராது என்றார். வரும் சார் என்றாள். நான் பார்க்காத செல்லா என்றார். விதைத்தார்கள். அறிக்கையில் சிறு விலகல், முடிவைப் பாதிக்காது என்று ஒரு வரி. போன வாரம் அந்தத் தட்டுகளை எண்ணினார்கள், மருதாணி மூன்று வரிசையும் பளிச். கேசரி வாங்கிக் கொடுத்தார். செண்பகவல்லி மட்டும் தெரிந்த திருடன் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் தட்டு நிறைய நிற்கிறவன் அன்றைக்கு எல்லைக்கோட்டை ஒட்டி, ஏதோ பாஸ் மார்க் வாங்கின மாதிரி நின்றான். நாய்க்கு மோப்பம் போய்விட்டது சார் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாயில் கேசரி இருந்தது.

ஆனால் அதற்கு முன்னாலேயே, விதைத்த அன்றைக்கே, அவள் மிச்சமிருந்த செல்களைக் கொட்டவில்லை. கொட்டச் சொன்னார், கொட்டவில்லை. கெட்டுப்போகாமல் இன்குபேட்டரின் கீழ்த்தட்டில், பின்வரிசையில் வைத்தாள். திருட்டுத்தனமாகவா? இல்லை, மேலே தன் பெயரை எழுதித்தான் வைத்தாள், எவனும் குனிந்து பார்க்கவில்லை என்றால் அதற்கு அவள் என்ன செய்வாள். பூஜை அன்றைக்குக் காலையில் எல்லாரும் சேர்ந்து கும்பிட்டு, பொரிகடலையும் ஆரஞ்சும் கவரில் வாங்கிக்கொண்டு, பூசணிக்காயை கேட்டில் உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இவள் தாம்பரம் வரைக்கும் போனவள் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, திரும்ப ஏறினாள். வாட்ச்மேன் செல்லப்பா கையை விரித்து நின்றார். பூஜை போட்டாச்சே மேடம், ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு சாரு சொல்லிட்டுப் போயிருக்காரே. செல்லுக்குப் பசிக்கும்ணே என்றாள். எந்தச் செல்லும்மா, சார்ஜ் போடணுமா என்றார் அவர். அவரோடு பேசிப் புரியவைத்து, சத்தம் போட்டு, கடைசியில் சாமி குத்தம் வந்தா என் தலைல விடியட்டும்ணே என்று எழுதிக் கொடுக்காத குறையாகச் சொல்லி உள்ளே போனாள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூன்று விரல் சந்தனம், குங்குமம், கதம்பம். கிருமி நுழையாமல் காற்றைச் சலித்து விடுகிற பெட்டியின் கண்ணாடியில் போய்க் குங்குமத்தை அப்பியிருக்கிறார்கள், அந்தக் குங்குமத்தில் இருக்கிற பூஞ்சையைச் சோதித்தால் அது தனியாக ஒரு ஆய்வு. ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தாள். துடைத்த ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள், பொய் சொல்வானேன். கோவில்பட்டியில் பூஜை அன்றைக்குப் புத்தகத்தைத் தொட்டதற்கு அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கியவள் அவள். சுவரிலிருந்த சாமி படத்தைப் பார்த்து, அம்மா தாயே, நீயே ஆயுதத்தைக் கையில வச்சிக்கிட்டுத்தானே நிக்கிறே, கீழ வச்சிட்டா நிக்கிறே என்று கேட்டாள். கேட்டுவிட்டு மிச்சப் பொட்டையும் துடைத்தாள். அன்றைக்குத்தான் முழு வாரம் முடிந்த நாள். அன்றைக்கே, அந்தக் கதம்ப வாசனைக்குள்ளேயே, மிச்சச் செல்லை விஷத்தில் விதைத்தாள். மறுநாள் லூர்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். லூர்து நாளும் நேரமும் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, எழுத்து நான் வந்து போடறேன்க்கா, நீ கண்ணை மூடிக்கிட்டு வெளிய நில்லு என்றாள். அந்த ஒரு பேச்சுக்காக அவளுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லலாம்.

ட வரிசை. டிக். டிக். மூன்று. அடுத்ததில் நாலு. க வரிசையை விடக் கூடுதல்தான், ஆனால் இதை வைத்து யாரிடமும் ஒன்றும் பேச முடியாது. இன்னும் இரண்டு வரிசை. பழைய சரக்கு. அந்த வார்த்தை வந்ததும் தர்மராஜ் வந்துவிடுவான், அழைக்காமலே வருவான், கட்டிய புருஷனாக இருந்த காலத்திலும் அவனுக்கு அது ஒரு பழக்கம். வேளச்சேரி வீட்டில் மாமியார் அவளை ஊறுகாய் ஜாடியைத் தொட விடமாட்டாள். எலிச்செல்லையும் விஷத்தையும் தொட்ட கை. வேலையிலிருந்து வந்தால் பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் அடுப்படி. சரிங்கத்த. அங்கே பிடித்தது இந்தச் சரி, பசை மாதிரி. ஒரு நாள் அவன் சித்தப்பா வீட்டு விருந்தில், பந்தியில் எல்லாரும் இருக்கும்போது, வயித்துல ஒண்ணு நிக்காம போனதுக்கு இவ லேபுதாங்க காரணம் என்று சொன்னான், ரசத்துக்கு உப்புக் கம்மி என்கிற குரலில். அன்றைக்கு உள்ளே ஏதோ உடைந்தது. சத்தம்கூடக் கேட்டது அவளுக்கு. ஆனால் என்ன செய்தாள்? ரசம் ஊற்றினாள். அதற்குப் பிறகும் மாசக்கணக்கில் சரிங்க, சரிங்கத்த, இதோ வந்துட்டேங்க. மாறிப்போனவள்தான், ஆனால் பழைய சரி உள்ளே டப்பா நிறைய இருந்தது, அது பாட்டுக்குத் தோசை சுட்டது. அப்போது யாராவது அவளைச் சோதித்திருந்தால் சுத்தமான பெண் என்று அறிக்கை எழுதியிருப்பார்கள். பிறகு ஒரு காலையில் அவன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு காபி என்றான். மாட்டேன் என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனைவிட அவள்தான் அதிகமாகத் திடுக்கிட்டாள். டப்பா காலி. அவ்வளவுதான் விஷயம், வீரமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அவன் சொன்னது பொய்யா? அங்கேதான் மண்டை மாட்டிக்கொள்ளும், முள்ளில் சேலை மாட்டுகிற மாதிரி. ஒரு தடவை கையுறை கிழிந்தது. தெரிந்த திருடன் விரலில் பட்டுவிட்டான். உடனே கழுவினாள், எல்லாம் செய்தாள். அப்போது வயிற்றில் ஒன்று இருந்ததோ இல்லையோ அவளுக்கே தெரியாது. டாக்டரம்மா சம்பந்தமில்லை என்றாள். சம்பந்தமில்லை என்று எதை வைத்துச் சொன்னாள்? எந்தத் தட்டை எண்ணினாள்? பயம்தான் இது, பயமில்லை என்று யார் சொன்னது. பயந்துகொண்டே எண்ணுவேன். எவனுக்கு என்ன வந்தது.

த வரிசை. ஒன்று. இல்லை. ஒன்று. இல்லை, இல்லை. காலி. நாலு வரிசை முடிந்து ஒரே ஒரு திருடன். பாக்கி ப வரிசை ஒன்றுதான். அதுவும் காலியாக இருந்தால்? நல்லதுதானே, மருதாணி நல்லது என்றால் ஊருக்கு நல்லதுதானே, அதற்கு ஏன் த வரிசையைத் திரும்ப ஒரு தடவை எண்ணுகிறாய்? நீ நிஜமாகவே யாரையாவது காப்பாற்ற நினைக்கிறாயா, இல்லை அந்த ஆள் முகத்தில் கரி பூச நினைக்கிறாயா? இரண்டும்தான். பொய் சொல்வானேன், இரண்டும்தான். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு மருதாணி வைக்கிற பெண்கள் நினைப்புக்கு வந்தார்கள், முகூர்த்தக் காலத்தில் இடம் கிடைக்காது, கையை நீட்டிக்கொண்டு க்யூ நிற்கும். அதில் ஒரு பெண், ஷமீனா என்று பெயர், போன பண்டிகைக்கு இவள் கையைப் பிடித்து வைத்தாள். கொடியெல்லாம் வேண்டாம்மா, உள்ளங்கையில ஒரு வட்டம் போதும் என்று சொன்னதற்குச் சிரித்தாள். அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் வெடித்திருந்தது. போகவே போகாதுக்கா, கழுவினாலும் போகாது, சாப்பிடும்போதுகூடக் கசக்கும் என்றாள் ரொம்ப சாதாரணமாக. கல்யாணப் பெண் ஒரு தடவை வைத்துக்கொள்வாள். இவள் தினம் தினம் கோனைப் பிதுக்கி, ஒழுகினதை விரலால் துடைத்து, பாவாடையில் தேய்த்து. செண்பகவல்லியின் கல்யாணத்துக்கும் அழகு நிலையத்துக்காரி ஒருத்தி ஏதோ கறுப்புக் கோனை வைத்தாள், பத்தே நிமிஷத்தில் செவந்துரும் என்று. செவந்தது. கூடவே முழங்கை வரைக்கும் கொப்புளமும் வந்தது. எப்படிச் செவந்திருக்கு பாரு, மாப்பிள்ளை அவ்வளவு ஆசை வச்சிருக்காரு என்று பெண்கள் கூடிச் சிரித்தார்கள். ஆசை! அந்தக் கொப்புளத்தை நினைத்தால் இப்போதும் கையைச் சொறியத் தோன்றும். சரி, ப. எடு. எடுக்கத்தான் போகிறாள். கை தட்டின் மேல் போய் நின்றது, மூடியைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. புருஷோத்தமன் சார், கக்கத்தில் அறிக்கைக் கோப்பு, சட்டைப் பையில் பேனா.

“என்னம்மா இது? எந்த ஆய்வுத் தட்டு?”

“நம்ம மருதாணிதான் சார். முழு வாரம் விட்டு விதைச்சது.”

அவர் மேஜையைப் பார்த்தார். வரிசைகளைப் பார்த்தார். “எப்ப விதைச்சே?”

“பூஜை அன்னிக்கு.”

“பூஜை அன்னிக்கா?” அவருக்குக் கோபத்தைவிட நிஜமான பதற்றம்தான் முதலில் வந்தது. பாவம், அதில் ஒன்றும் வேஷமில்லை. “போட்ட பூஜையைக் கலைச்சிட்டு உள்ள வந்தியா? அறிவிருக்காம்மா உனக்கு? பூஜைய விடு. திட்டத்துல இல்லாத வேலை. இந்தத் தட்டு எதுவும் செல்லாது. குப்பையில போடு.”

“செல்லாதுன்னே வச்சுக்கோங்க சார். அப்ப முதல் செட்டும் செல்லாது. திட்டத்துல முழு வாரம்னு போட்டிருக்கு, நாம பாதியில விதைச்சோம்.”

“அதான் விலகல்னு எழுதியாச்சே. முடிவைப் பாதிக்கலைன்னு.”

“பாதிச்சிருக்கு. திருடனே பாஸ் மார்க்ல நின்னான், நீங்களும் பார்த்தீங்க.”

அவர் கோப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தார், கையெழுத்துப் பக்கம், மேலே பேனா. குரல் இறங்கிற்று. இறங்கின குரல்தான் அவரிடம் ஆபத்து. “இத பாரு செண்பகம். எனக்கு உன்மேல மரியாதை இருக்கு. தனியா இருக்கிற பொண்ணு. இந்த வயசுல வெளிய போய் எங்க வேலை தேடுவே? திட்டம் மீறினவங்கிற பேரோட எவன் எடுப்பான்? போட்டுட்டுப் போ. இதை நான் பார்க்கலை.”

உள்ளே டப்பாவைத் திறந்து பார்த்தாள். எப்போதும் ஒரு சரி சார் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், சுரண்டினால் வரும். சுரண்டினாள். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, இடம் தெரியாமல்.

“போட மாட்டேன் சார்.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேன். வேலையை எடுத்துக்கோங்க. என் பேரை அதுல போட மாட்டேன்.”

இப்படிச் சொன்னவளுக்கு ப வரிசையில் என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியாது. காலியாக இருந்தாலும் போட மாட்டேனா? மாட்டேன். காலியாக இருந்தால், ஒழுங்கான வாரம் விட்டு, எல்லார் முன்னிலையிலும், திரும்ப ஒரு தடவை செய்துவிட்டுப் போடுவேன். அது வேறு கையெழுத்து. இது தெரிந்ததும் மனசு அப்படியே இறங்கி உட்கார்ந்தது, மூன்று வாரமாக நின்றுகொண்டே இருந்த மனசு. ப வரிசையின் முதல் தட்டை எடுத்து வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

நீலம். ச அளவுக்கு இல்லை, ஆனால் நீலம். நடுவில், ஓரத்தில், கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் தன் குடும்பத்தோடு. இரண்டாவது தட்டையும் வைத்தாள். அதுவும். மூன்றாவதும். புருஷோத்தமன் சார் கிட்டே வந்து குனிந்தார். தலைவர் நாற்காலிக்குப் போவதற்கு முன்னால் அவரும் இதே மேஜையில் பாதி ஆயுசைக் கழித்தவர், எண்ணாமலே தெரியும் அவருக்கு. கண் ச வரிசைக்குப் போய், ப வரிசைக்கு வந்து, திரும்ப ச-வுக்குப் போனது.

“எழுத்து யார்கிட்ட இருக்கு? இதுல எது எது?” என்றார்.

“எது எதுவா இருந்தா என்ன சார்? தெரிஞ்ச திருடன் ஒருத்தன்தானே.”

அவர் ஒரு தட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். “நீலச் சாயம் சரியாக் கழுவாம இருக்கும். திப்பி. நீயா பார்த்துக்கிட்டு... உனக்கு அப்படி வரணும்னு ஆசை, அதான் எல்லாம் காலனியாத் தெரியுது.”

“ஆமா சார்” என்றாள் செண்பகவல்லி. “எனக்கு ஆசை இருக்கு. நிறைய இருக்கு. உங்களுக்கும் இருக்கு, வேற பக்கம். அதனால நீங்க எண்ணுங்க.”

எண்ணும் பேனாவின் எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, அவர் பக்கம் நீட்டினாள். நாற்காலியை விட்டு எழுந்தாள். “எதைத் திப்பின்னு தோணுதோ விட்டுடுங்க. நான் கேள்வி கேக்க மாட்டேன்.”

அவர் வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தாள். கொஞ்ச நேரம் வாங்கவும் இல்லை. கதவைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றிற்றோ, குறைத்துக் காட்டிவிடலாம் என்று தோன்றிற்றோ, இல்லை வெளிச்சத்தின் மேல் தட்டைப் பார்த்ததும் பழைய கை தானாக நீண்டதோ, பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முதல் புள்ளியை உற்றுப் பார்த்தார், விட்டுவிட்டார். இரண்டாவதையும் விட்டார். மூன்றாவதன் மேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

டிக்.

செண்பகவல்லி கையுறைகளை உரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கைக்கு வேர்த்திருந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டாள். கோப்பு திறந்தபடியே கிடந்தது, அவள் பெயருக்கு மேலே வெற்றிடம். டிக். டிக். அவள் கதவில் சாய்ந்து நின்றாள். நிறுத்திவிடுவார், இதோ நிறுத்திவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றாள். டிக். தட்டைத் திருப்பினார். டிக், டிக், டிக். அவரால் நிறுத்த முடியவில்லை.